மலையோடைக் கேடிஸ் பூச்சிகள்: புழுவுக்குப் பெயர் கிடைத்த வரலாறு

கேடிஸ் பூச்சிகள் டிரைக்காப்டீரா என்னும் வரிசையைச் சேர்ந்தவை. வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சி வரிசைக்கு இவை நெருங்கிய பங்காளிகள். அவற்றின் சிறகில் செதில் இருக்கும் இடத்தில் இவற்றுக்கு மயிர் இருக்கும். உலகில் இதுவரை 16,000-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் பெயர் பெற்றுள்ளன. வாழ்நாளின் பெரும்பகுதி தண்ணீருக்குள் புழுவாகவே கழிகிறது. பல சிற்றினங்களின் புழு, தான் சுரக்கும் பட்டிழையால் மணலையும் இலைத் துணுக்கையும் ஒட்டிக் குழல்போன்ற கூடு கட்டி, அதைச் சுமந்தபடியே திரிகிறது. சிறகு முளைத்தபின் சில நாட்களோ சில வாரங்களோதான் ஆயுள். ஆனால் அறிவியல் பெயர்களில் மிகப் பெரும்பாலானவை சிறகுள்ள பருவத்தைப் பார்த்து வைக்கப்பட்டவை. புழுவையும் பூச்சியையும் இன்னதற்கு இன்னது என்று சேர்த்துவைக்க ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

தொடக்கம் நன்றாகவே இருந்தது. ஜெனீவாவைச் சேர்ந்த பிரான்சுவா ஜூல் பிக்டே 1834-இல் வெளியிட்ட நூலில், அவ்வூர்ப் பக்கத்து ஓடைகளில் கிடைத்த புழுக்களை வளர்த்து, புழு, கூட்டுப்புழு, பூச்சி ஆகிய மூன்றையும் வரைந்து காட்டினார். அந்த வழியைப் பின்பற்றியவர்கள் குறைவு. லண்டனில் ராபர்ட் மெக்லாக்லன் 1874 முதல் 1880 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட ஐரோப்பிய கேடிஸ் பூச்சிகள் பற்றிய பெருநூல், ஆண் பூச்சியின் இனப்பெருக்க உறுப்புகளை நுணுக்கமாக வரைந்து சிற்றினங்களைப் பிரித்தது. இறகின் நிறமும் அளவும் ஏமாற்றும் இடத்தில் இந்த உறுப்புகள் ஏமாற்றுவதில்லை என்பதால் அதுவே வழக்கமாக நிலைத்தது. இரவில் விளக்கு வைத்தால் பூச்சிகள் தாமாக வந்து குவியும் என்பதும் அந்த வழக்கத்துக்குக் கைகொடுத்தது. புழுவின் நிலை வேறு. குளிர்ந்த, பிராணவாயு மிகுந்த ஓட்டநீரில் வாழும் புழுவை ஆய்வுக்கூடத்தில் உயிரோடு வைத்திருப்பதே பெரும்பாடு.

வளர்க்காமலே விடை காண ஒரு வழி 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் உருவானது. அது கூட்டுப்புழுவைப் பயன்படுத்தியது. முழு வளர்ச்சியடைந்த புழு தன் கூட்டைக் கல்லில் ஒட்டி, இருமுனையையும் அடைத்துக்கொண்டு உள்ளேயே தோலுரிக்கிறது. உரித்த தோலின் தலையோடும் மார்புத் தகடுகளும் பெரும்பாலும் கூட்டின் பின்முனையில் கசங்கிக் கிடக்கும். அதே கூட்டுக்குள், வெளிவரும் நிலையில் உள்ள பூச்சியின் இனப்பெருக்க உறுப்புகள் மெல்லிய கூட்டுப்புழுத் தோலுக்கடியில் தெரியும். ஆகவே சரியான வாரத்தில் எடுத்த ஒரே கூட்டில் புழுவின் அடையாளமும் பூச்சியின் அடையாளமும் சேர்ந்தே அகப்படும். அந்த வாரத்தில் ஓடைக்குப் போய்ச் சேர்வதுதான் கடினம். பனி உருகாத மலை ஊற்றுகளில் அது இன்னும் கடினம். டொரண்டோவின் ராயல் ஒண்டாரியோ அருங்காட்சியகத்தில் பணியாற்றிய கிளென் விக்கின்ஸ் 1977-இல் வெளியிட்ட வட அமெரிக்கப் புழுக்கள் பற்றிய நூல் இத்துறையின் அடிப்படை நூல். அதுவும் பேரினம் வரைதான் அடையாளம் சொல்கிறது. சிற்றினம் வரை போகும் அளவுக்குப் புழுக்கள் அன்று அறியப்பட்டிருக்கவில்லை.

மலைகள் இந்தச் சிக்கலைப் பெருக்கின. இல்லினாயைச் சேர்ந்த ஹெர்பர்ட் ராஸ் 1956-இல், கேடிஸ் பூச்சிகளின் பழைய கிளைகள் பல குளிர்ந்த மலையோடைகளைச் சார்ந்தவை என்று விரிவாக வாதிட்டார். அதே ஆண்டில் சுவிட்சர்லாந்தின் ஃபெர்னாண்ட் ஷ்மிட், ஐரோப்பிய மலைகளில் பரவியுள்ள ட்ரூசினே என்னும் துணைக்குடும்பத்தைத் தொகுத்தெழுதினார். இலங்கை மலைகளிலும் சேகரித்து, 1958-இல் அத்தீவின் கேடிஸ் பூச்சிகளைப் பற்றி ஒரு தனிநூல் அளவுக்கு எழுதியவரும் இவரே. ட்ரூசினே பூச்சிகள் ஊற்றுக்கண்களிலும் ஓடைகளின் தலைப்பகுதியிலும் வாழ்பவை. ஒரு மலைத்தொடருக்கும் அடுத்ததற்கும் இடையிலுள்ள வெப்பமான சமவெளி அவற்றுக்குக் கடக்க அரிய தடை. அதனால் ஒவ்வொரு மலையிலும் சற்றே மாறிய உருவங்கள் பிறந்தன. சரயேவோவின் மாரா மரிங்கோவிச்-கோஸ்போட்னெட்டிச் 1970-களில் மேற்கு பால்கன் ஊற்றுகளிலிருந்து ட்ரூசஸ் பேரினத்தின் பல புதிய சிற்றினங்களை விவரித்தார். அவை ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடுவது மிகச் சிறிய உறுப்பு வடிவங்களில். அந்த வேறுபாடு சிற்றினத்தைக் குறிக்கிறதா, ஒரே சிற்றினத்தின் வட்டார மாறுதலா என்ற கேள்விக்கு நுண்ணோக்கி மட்டும் விடை தரவில்லை.

2003-இல் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹெபர்ட் குழு, மைட்டோகாண்டிரியாவில் உள்ள ஒரு மரபணுவின் சுமார் 650 எழுத்து நீளமுள்ள துண்டை, கடைச் சரக்கின் பட்டைக்குறிபோல எல்லா விலங்குகளையும் அடையாளம் காணப் பயன்படுத்தலாம் என்றது. கேடிஸ் ஆய்வாளர்களுக்கு இதன் பயன் வேறு விதத்திலும் இருந்தது. பருவம் மாறினாலும் டி.என்.ஏ. மாறுவதில்லை, புழுவின் ஒரு காலிலிருந்து பெற்ற வரிசையும் பூச்சியின் ஒரு காலிலிருந்து பெற்ற வரிசையும் பொருந்தினால் இரண்டும் ஒன்றே. 2007-இல் சின் சௌ, கார்ல் ஜேர், ஜான் மோர்ஸ் மூவரும் சீனத்து ஹைட்ராப்சைக்கிடே குடும்பப் புழுக்களை இந்த வழியில் பூச்சிகளோடு இணைத்தார்கள். அவர்கள் மைட்டோகாண்டிரியாவை மட்டும் நம்பாமல் உட்கரு மரபணு ஒன்றின் துண்டையும் சேர்த்தே பார்த்தார்கள். அது தேவையான எச்சரிக்கை. மைட்டோகாண்டிரியா தாய்வழியே வருவது. இரு சிற்றினங்கள் எப்போதோ கலந்திருந்தால் அது மட்டும் தவறான கதை சொல்லக்கூடும்.

புழுவுக்குப் பெயர் கிடைத்ததோடு வேலை முடியவில்லை. பெயர் கிடைத்த புழு தானே ஒரு சான்றாயிற்று என்பதுதான் இவ்வரலாற்றின் சுவையான பகுதி. வியன்னாவின் வொல்ஃப்ராம் கிராஃப், யோஹான் வாரிங்கர், ஜெர்மனியின் ஸ்டெஃபன் பவுல்ஸ் ஆகியோர் ட்ரூசினே புழுக்களை ஒப்பிட்டார்கள். ஒரு கூட்டத்தின் தாடை பல்லின்றிக் கரண்டி வடிவில் இருந்தது. கல்மேல் படியும் பாசியைச் சுரண்டித் தின்பவை அவை. மற்றொரு கூட்டத்துக்குப் பல்லுள்ள தாடை. இலைத்துண்டு முதல் கிடைத்ததையெல்லாம் கடிப்பவை. மூன்றாவது கூட்டத்துக்குப் பல்லோடு கால்களில் வரிசை வரிசையாக முட்களும் உண்டு. ஓட்டத்தை எதிர்த்து நின்று கால்களை விரித்து, மிதந்துவரும் சிற்றுயிர்களை வடித்துப் பிடிக்கும் வேட்டைக்காரர்கள் இவை. ஆல்ப்ஸ், கார்பாத்திய ஓடைகளின் ட்ரூசஸ் டிஸ்கலர் இவ்வகை. மரபணுக்களைக் கொண்டு வரைந்த குலமரத்தின் கிளைகளும் இந்த உணவுப் பழக்கத்தையே பெரிதும் ஒட்டிப் பிரிந்தன. பூச்சியை மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது.

ஆனால் மரபணு வேறுபட்டதெல்லாம் புதிய சிற்றினம் ஆகிவிடவில்லை. ட்ரூசஸ் டிஸ்கலர் பற்றிய 2006 ஆய்வில் ஐரோப்பாவின் மலைதோறும் வெவ்வேறு மரபுவழிகள் தெரிந்தன. பனியுகத்தில் அவை ஒரே இடத்தில் அல்லாமல் பல இடங்களில் ஒதுங்கிப் பிழைத்தன என்பதற்கு அது சான்றாயிற்று. அவற்றுக்குத் தனிப்பெயர் வைக்க ஆய்வாளர்கள் அவசரப்படவில்லை. அது சரியான நிதானமே. உறுப்பு வடிவம், மரபணு, வாழிடம், கிடைத்தால் புழு ஆகியவை ஒத்துச் சொன்னால்தான் புதுப்பெயர் என்பது இன்றைய நடைமுறை. கொசோவோவின் ஷார் மலைகளிலிருந்து 2016-இல் ட்ரூசஸ் ஷாரென்சிஸ் இவ்வாறே மரபணுச் சான்றோடு விவரிக்கப்பட்டது.

வாரிங்கரும் கிராஃபும் 2011-இல் வெளியிட்ட மத்திய ஐரோப்பியப் புழுக்களின் படநூல், விக்கின்ஸ் நின்ற இடத்தைத் தாண்டிச் சிற்றினம் வரை செல்கிறது. ஆற்றின் தூய்மையை அதில் வாழும் உயிர்களைக் கொண்டு மதிப்பிட வேண்டும் என்னும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2000-ஆம் ஆண்டு நீர்ச்சட்டத்தால், வலையில் விழும் புழுவுக்குப் பெயர் சொல்வது அரசுப் பணியாகவும் ஆகிவிட்டது.

2021-இல் பிரிஷ்டினா பல்கலைக்கழகத்தின் ஹலில் இப்ராஹிமி குழு, கொசோவோவின் டெச்சான் ஆற்றுப்பகுதியில் கிடைத்த புதிய சிற்றினத்துக்கு பொட்டமோஃபைலக்ஸ் கொரோனாவைரஸ் என்று பெயர் வைத்தது. அந்தப் பெயர் பெருந்தொற்றை மட்டும் சுட்டவில்லை. அப்பகுதி ஆறுகளில் பரவிவந்த சிறு நீர்மின் திட்டங்களையும் அவர்கள் ஒரு தொற்றாகவே கருதினார்கள். டெச்சான் ஆறும் அத்தகைய கட்டுமானத்தால் கடுமையாகச் சிதைந்திருந்தது.