'எங்கேயிருந்து வர்றே?': ஒரு காய்ச்சலின் வழித்தடம்

காய்ச்சலோடு வருகிறவரிடம் வைத்தியர் கேட்பது 'என்ன செய்யுது?' கொள்ளைநோய்க் கண்காணிப்பு கேட்பது 'எங்கேயிருந்து வர்றே?' முதல் கேள்வியில் உடல் நோயாளியாக இருக்கிறது; இரண்டாவதில் அதே உடல் எல்லை தாண்டிய சரக்காகிவிடுகிறது. இந்த இடமாற்றம் எப்படி நடக்கிறது என்பதற்கு 2007இல் இத்தாலியில் நடந்ததைப் பார்க்கலாம்.

அந்த ஆண்டு ஜூன் 21இல் கேரளத்திலிருந்து ஒருவர் உறவினரைப் பார்க்க காஸ்திலியோனே தி செர்வியா என்ற சிற்றூருக்குப் போகிறார். இரண்டு நாளில் காய்ச்சல். ஜூலையிலிருந்து அந்த ஊரிலும், ஆற்றுக்கு அக்கரையிலுள்ள காஸ்திலியோனே தி ரவென்னாவிலும் ஆட்கள் மூட்டுவலியோடு ஒவ்வொருவராகப் படுக்கிறார்கள். ஆத்துத் தண்ணி கெட்டுப்போச்சு என்றார்கள் சிலர். ஆப்பிரிக்காவிலிருந்து வந்து குடியேறினவங்க கொண்டுவந்தது என்றார்கள் பலர். சிக்குன்குனியா என்று தெரிய ஆகஸ்ட் முடியவேண்டியிருந்தது. செப்டம்பர் இறுதிக்குள் 205 பேர். ஐரோப்பாவில் உள்ளூர்க் கொசுவே பரப்பியதாகப் பதிவான முதல் சிக்குன்குனியா இதுதான். பின்னோக்கிப் போன கண்காணிப்பு அந்தக் கேரளத்துக்காரரிடம் வந்து நின்றது. அவர் 'முதல் நோயாளி' ஆனார்.

யாருக்கு முதல்? 1952-53இல் தங்கனீக்காவில் அடையாளம் காணப்பட்ட நோய் இது. 'சிக்குன்குனியா' என்பதே மகோண்டே மொழிச் சொல். வளைந்துபோவது என்று பொருள். 1963இல் கல்கத்தா, 1964இல் சென்னை, வேலூர். 2004இல் கென்யக் கடற்கரையில் மறுபடி கிளம்பி, 2005-06இல் ரீயூனியன் தீவு மக்களில் மூன்றில் ஒருவரைப் படுக்கவைத்தது. 2006இல் இந்தியாவில் அரசுக் கணக்குப்படியே சுமார் 13.9 லட்சம் பேர். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தவர்களை நம் தெருக்களிலேயே பார்த்தோம். இவர்களில் முதல் ஆள் யார் என்று எவரும் தேடிப்போகவில்லை. அங்கே 205 பேருக்கு ஒரு வழித்தடம் வரையப்பட்டது, இங்கே 13.9 லட்சம் பேர் 'சந்தேகத்துக்குரிய நோயாளிகள்' என்ற ஒற்றை எண்ணுக்குள் அடங்கிப்போனார்கள். 'முதல்' என்பது நோயில் இல்லை, எண்ணத் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது.

சரி, வைரஸ் அவரோடு போனது. கொசு யாரோடு போனது? அங்கே நோயைப் பரப்பியது ஏடிஸ் அல்போபிக்டஸ். 'ஆசியப் புலிக் கொசு' என்று அதற்குப் பெயர். தண்ணீர் வற்றினாலும் அதன் முட்டை மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். 1985இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் இந்தக் கொசு பெருகியிருப்பது தெரியவந்தது. ஆசியாவிலிருந்து இறக்குமதியான பழைய டயர்களோடு வந்தது என்பது ஆய்வாளர்களின் முடிவு. 1990இல் ஜெனோவாவில் தென்பட்டது. இத்தாலிக்கு அதைக் கொண்டுசேர்த்ததும் பழைய டயர் வியாபாரம்தான், அதுவும் அமெரிக்காவிலிருந்து. பெயரில் ஆசியா, வந்த வழியில் அமெரிக்கா! ரீயூனியனில் வைரஸின் மரபணுவில் ஏற்பட்ட ஒரே ஒரு மாற்றம், அது இந்தக் கொசுவுக்குள் எளிதாகப் பெருக வழிசெய்தது. இத்தாலியில் கிடைத்த வைரஸிலும் அதே மாற்றம் இருந்தது. 17 வருஷமாக அங்கே குடியிருந்த கொசு இல்லையென்றால், ஒரு பயணியின் காய்ச்சல் ஒரு பயணியின் காய்ச்சலாகவே முடிந்திருக்கும்.

அட்லாண்டிக்கைத் தாண்டி மஞ்சள் காய்ச்சல் போனதும் இப்படித்தான்: அடிமைக் கப்பலின் தண்ணீர்ப் பீப்பாயில் கொசு, அடித்தளத்தில் மனிதர்கள். அன்று மனிதனே சரக்கு. இன்று சரக்குக்குக் கேள்வி இல்லை, மனிதனுக்கு உண்டு.

கண்காணிப்பே வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. காய்ச்சல் கண்ட முதல் வாரத்தில்தான் ரத்தத்தில் வைரஸ் மிகுந்திருக்கும். அந்த நாட்களில் நோயாளியைக் கொசு கடிக்காமல் காத்து, வீட்டைச் சுற்றித் தேங்கிய தண்ணீரைக் கொட்டினால் பரவலைத் தடுக்கலாம். அதற்கு, வந்தவர் எங்கிருந்து வந்தார் என்று தெரிந்தாகவேண்டும். ஆனால் அந்தக் கேள்வி விசா வைத்திருக்கிறவரோடு நின்றுவிடும்போது, மருத்துவம் குடியேற்றத் துறையின் குரலில் பேசத் தொடங்குகிறது. 'எங்கேயிருந்து வர்றே?' என்று துறைமுகத்தில் இறங்கும் டயரையும் கேட்கணும். அதை விற்றவனையும், வாங்கினவனையும் சேர்த்து.