தியோமானிலிருந்து தானா ராத்தாவுக்கு எத்தனை மணி நேரம்?

பஹாங் மாநிலத்தின் கிழக்கே கடலில் தியோமான் தீவு, மேற்கு ஓரத்தில் கேமரன் மலை. தியோமானில் கடலுக்கு அடியில் இறங்குகிறோம். தானா ராத்தாவோ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்து, சம்பாதிக்க ஆரம்பித்த பிறகு ஸ்கூபா பழகும் எங்களைப் போன்றவர்களுக்கு இந்த இரண்டு உயரங்களுக்கும் நடுவே ஒரு கணக்கு இருக்கிறது. மணிக்கட்டில் கட்டும் டைவ் கம்ப்யூட்டர் போடுவதும் அந்தக் கணக்கைத்தான். அதன் வரலாறு தெரிந்தால், எதற்கு அதை நம்பலாம், எதற்கு நம்பக்கூடாது என்பதும் தெரியும்.

கதை பாலத்தில் தொடங்குகிறது. 19ஆம் நூற்றாண்டில் ஆற்றுக்கடியில் தூண் எழுப்ப, 'கெய்சன்' என்ற ராட்சதப் பெட்டியை இறக்கினார்கள். தண்ணீர் புகாதபடி அழுத்தக் காற்றை அடைத்து, உள்ளே ஆட்களை விட்டுத் தோண்டினார்கள். வேலை முடிந்து மேலே வந்தவர்களுக்கு மூட்டில் தாங்க முடியாத வலி. சிலருக்குக் கால் விளங்காமலே போனது. செயின்ட் லூயிஸின் ஈட்ஸ் பாலத்தில் பத்துப் பேருக்கு மேல் செத்தார்கள். நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தில் தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கே 1872இல் முடங்கினார். அவர் பெயர் வரலாற்றில் இருக்கிறது. தோண்டியவர்கள் பெயர் யாருக்குத் தெரியும்? நம்ம மலையிலும் அப்படித்தான். 1885இல் அளக்க வந்த வில்லியம் கேமரனின் பெயர் ஊருக்கு நின்றது, காடு வெட்டித் தேயிலை நட்டவர்களின் பெயர் நிற்கவில்லை.

காரணத்தை 1878இல் போல் பெர் என்ற பிரெஞ்சுக்காரர் விளக்கினார். அழுத்தத்தில் நைட்ரஜன் உடலுக்குள் கரைகிறது. அழுத்தம் சட்டென்று குறைந்தால், திறந்த சோடா பாட்டில் மாதிரி குமிழியாகிறது.

எவ்வளவு மெதுவாக மேலே வரவேண்டும்? பிரிட்டிஷ் கடற்படைக்காக ஜான் ஸ்காட் ஹால்டேன் ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்து, 1908இல் அட்டவணை வெளியிட்டார். உடலை ஐந்து பாத்திரங்களாக அவர் கற்பனை செய்தார். ஒன்று 5 நிமிடத்தில் பாதி நிரம்பும். இன்னொன்றுக்கு 75 நிமிடம் ஆகும். இன்றைய டைவ் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவை இந்தக் கற்பனையின் பேரப்பிள்ளைகள்தான்.

1959இல் இத்தாலியில் வந்த எஸ்ஓஎஸ் மீட்டரில் மின்சாரமே கிடையாது. நுண்துளைப் பீங்கான் வழியே வாயு கசிவதுதான் அதன் 'உடல்'. 1983இல் எட்ஜ், டெகோபிரெய்ன் என்ற மின்னணுக் கருவிகள் வந்தன. இதே காலத்தில் சூரிச்சில் ஆல்பர்ட் பூல்மான் பாத்திரங்களை 16 ஆக்கினார். அதிவேகமானதுக்கு 4 நிமிடம், மிக மெதுவானதுக்கு 635 நிமிடம். சுவிட்சர்லாந்தில் ஏரிகள் மலைமேல் இருப்பதால், தண்ணீரின் மேற்பரப்பே உயரத்தில் இருந்தால் என்ன ஆகும் என்றும் அவர் கணக்குப் போட வேண்டியிருந்தது.

அந்தக் கேள்வி நமக்கும் உரியது. தானா ராத்தாவில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 84 சதவீதம்தான். டைவ் செய்தபின் விமானம் ஏறுவது பற்றி 2002இல் நிபுணர்கள் கூடிப் பரிந்துரைத்தது இது: ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும். இது விமான அறைக்குள் நிலவும் 600 முதல் 2,400 மீட்டர் வரையான உயரத்துக்குச் சொன்னது. தானா ராத்தா அந்த எல்லைக்குள்ளேயே வருகிறது.

ஆனால் கம்ப்யூட்டர் திரையில் வருவது விமானப் படம். "நாம கார்லதானே போறோம்?" என்று புதியவர்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. கருவிக்கு ஆழமும் நேரமும் தெரியும். அதில் அதை நம்பலாம். நீங்கள் தூங்கினீர்களா, தண்ணீர் குடித்தீர்களா, படகிலிருந்து இறங்கி எந்த மலைக்கு வண்டியைத் திருப்பப் போகிறீர்கள் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

சனிக்கிழமை மதியம் 2 மணிக்குக் கடைசி டைவ் முடிந்தால், 18 மணி நேரம் நிறைவது ஞாயிறு காலை 8 மணிக்கு. அதற்குப் பிறகு மலையேறுங்கள்.