ஆறு மணி ஐந்து நிமிடம்

ரயில்வே ஸ்டேஷனில் கடிகாரம் நின்றுபோனால் என்ன நடக்கும்? பயணிகள் நாலு பேர் திட்டுவார்கள். ஒருத்தர் புகார் எழுதிப் போடுவார். அப்புறம் ஒரு ஆள் ஏணியோடு வந்து சரிசெய்துவிட்டுப் போவார்.

ரஷ்யாவில் ஒரு சின்ன ஸ்டேஷனில் மட்டும் இந்தப் பேச்சே கிடையாது. அங்கே கடிகாரம் எந்நேரமும் ஆறு மணி ஐந்து நிமிடம்தான் காட்டும். ரிப்பேர் இல்லை. வேண்டுமென்றே அப்படி நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

மாஸ்கோவுக்குத் தெற்கே முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, லீபெட்ஸ்க் மாகாணத்தில் இருக்கிறது ஊர். பெயர், லெவ் டால்ஸ்டாய். ஆமாம், 'போரும் அமைதியும்' எழுதினாரே, அவரேதான். ஆனால் அவர் பிறந்த ஊர் இதில்லை. வளர்ந்த ஊர் இல்லை. புதைக்கப்பட்ட ஊரும் இல்லை. தன் 82 வருட வாழ்க்கையில் டால்ஸ்டாய் இங்கே தங்கியது ஒரே ஒரு வாரம். அதுவும் காய்ச்சலில், படுத்த படுக்கையாக.

அதற்கு முன்னால் இந்த ஊரின் பெயர் அஸ்தாபோவோ. ஊர் என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். பக்கத்தில் ஒரு கிராமம் இருந்தது, அதன் பெயரை ஸ்டேஷனுக்கு வைத்தார்கள். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் கறுப்பு மண். அள்ளிக் கொடுக்கிற மண். விளைந்த கோதுமையை மூட்டை கட்டி மாஸ்கோ பக்கம் ஏற்றி அனுப்ப வேண்டாமா? 1890-ஐ ஒட்டி தண்டவாளம் வந்தது. ரியாஸான் - உரால் ரயில்வே என்று ஒரு கம்பெனி. அந்நாளைய ரஷ்யாவின் மிகப் பெரிய தனியார் ரயில் கம்பெனிகளில் ஒன்று. வோல்கா நதிப் பக்கத்து தானியமெல்லாம் அவர்கள் வண்டியில்தான் போகும்.

அஸ்தாபோவோ ஒரு ஜங்ஷன். அதனால் ஒரு எஞ்ஜின் ஷெட். ஊழியர்களுக்கு வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள். ரயில்வே டாக்டர் ஒருவர். பிளாட்பாரம், தந்தி ஆபீஸ், தண்ணீர்த் தொட்டி. அவ்வளவுதான் ஊர். ரயில் வரும்போது விழித்துக்கொள்ளும், போனதும் தூங்கிவிடும். தங்குவதற்கு ஒரு ஓட்டல்கூடக் கிடையாது. யார் அங்கே தங்கப் போகிறார்கள்? வண்டி மாறுவதற்காக இறங்குகிற இடம்தானே.

இந்த ஓட்டல் இல்லாத விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வரும்.

1910, அக்டோபர் 28. இது பழைய ரஷ்ய காலண்டர் கணக்கு. நம் கணக்குக்கு 13 நாள் கூட்டிக்கொள்ள வேண்டும், நவம்பர் 10. விடிவதற்கு முன்னால், இருட்டில், டால்ஸ்டாய் தன் யாஸ்னயா போல்யானா பண்ணை வீட்டைவிட்டு வெளியேறினார். கூட வந்தது டாக்டர் மகோவிட்ஸ்கி மட்டும். மனைவி சோஃபியாவுக்கு ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டார்.

எதற்காக? இதைப் பற்றி அலமாரி அலமாரியாகப் புத்தகம் எழுதியிருக்கிறார்கள். சுருக்கமாகச் சொன்னால், சொத்துத் தகராறு. ஆனால் தலைகீழான சொத்துத் தகராறு. இங்கே சொத்து வேண்டாம் என்று சொன்னவர் வீட்டுக்காரர். தன் எழுத்துகளின் உரிமை ஜனங்களுக்கே போகவேண்டும் என்பது டால்ஸ்டாயின் கட்சி. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எப்படிப் பிழைப்பது என்பது சோஃபியாவின் கட்சி. நடுவில் செர்ட்கோவ் என்றொரு சீடர், குருவை விட்டு இம்மியும் நகராதவர். அந்த வருடம் ஜூலையில், காட்டுக்குள் உட்கார்ந்து, மனைவிக்குத் தெரியாமல் உயில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார் டால்ஸ்டாய். வாசனை சோஃபியாவுக்கு எட்டிவிட்டது. அப்புறம் அந்த வீட்டில் நிம்மதி ஏது?

சோஃபியாவை வில்லியாக்கிவிடுவது ரொம்ப சுலபம். பலர் அதைத்தான் செய்தார்கள். எனக்கு மனசு வரவில்லை. 48 வருடக் குடித்தனம். 13 பிள்ளைகள் பெற்றவர். கணவரின் கிறுக்கல் கையெழுத்தைப் படித்து, திருத்தித் திருத்தி அவர் கொடுத்ததையெல்லாம் திரும்பத் திரும்ப நகல் எடுத்துக் கொடுத்தவர். கணவர் போய்விட்டார் என்று தெரிந்ததும் ஓடிப்போய்க் குளத்தில் விழுந்துவிட்டார். தூக்கிக் கரை சேர்த்தார்கள்.

டால்ஸ்டாய்க்கு ரயில் என்றாலே ஆகாது. வேண்டாவெறுப்பாகத்தான் ஏறுவார். ஆனால் எழுத உட்கார்ந்தால் ரயில் வந்துவிடும். 'க்ராய்ட்ஸர் ஸொனாட்டா' கதை முழுவதையும் ஒருவன் ரயில் பெட்டியில் உட்கார்ந்துதான் சொல்கிறான். 1872-ல் அவர் வீட்டுக்குப் பக்கத்து ஸ்டேஷனில் ஒரு பெண் கூட்ஸ் வண்டி முன்னால் விழுந்து இறந்தாள். டால்ஸ்டாய் நேரில் போய் அந்த உடலைப் பார்த்தார். பிறகு எழுதிய 'அன்னா கரீனினா'வில் நாயகி எப்படிச் செத்தாள் என்பது உங்களுக்குத் தெரியும்.

அப்பேர்ப்பட்ட மனிதர் கடைசியில் நம்பி ஏறியதும் ரயிலில்தான். அதுவும் மூன்றாம் வகுப்பு. புகையும் கூட்டமும் மூச்சு முட்டவே, பெட்டிக்கு வெளியே குளிர்காற்றில் போய் நின்றார். 82 வயதில், ரஷ்யாவின் குளிரில். எமன் எங்கே ஏறினான் என்று தேடவேண்டியதே இல்லை.

வழியில் ஒரு மடம். பிறகு இன்னொரு மடத்தில் துறவியாக இருந்த தங்கை மரியாவைப் பார்த்தார். அங்கே கடைசி மகள் சாஷா வந்து சேர்ந்துகொண்டாள். சோஃபியா பின்னாலேயே வந்துவிடுவாரோ என்ற பயம். 31-ம் தேதி விடிகாலை மறுபடி ஓட்டம். தெற்கே ரோஸ்தோவ் பக்கம் போகிற வண்டி. அங்கிருந்து காகஸஸோ பல்கேரியாவோ, எதுவும் முடிவாகவில்லை.

மத்தியானத்துக்கு மேல் உடம்பு அனலாய்க் கொதிக்க ஆரம்பித்தது. இனி ஓடும் வண்டியில் வைத்திருந்தால் ஆபத்து என்றார் டாக்டர். சாயங்காலம் ஆறரை மணி சுமாருக்கு வண்டி நின்ற ஸ்டேஷனில் இறங்கிவிட்டார்கள். என்ன ஸ்டேஷன் என்று பார்த்தா இறங்கினார்கள்? பெயர்ப்பலகையில் அஸ்தாபோவோ என்று இருந்தது.

இப்போதுதான் நம் கதாநாயகர் வருகிறார். என் கணக்கில் கதாநாயகர் டால்ஸ்டாய் இல்லை. ஸ்டேஷன் மாஸ்டர் இவான் ஓஸோலின். லாட்வியாக்காரர். டாக்டர் மகோவிட்ஸ்கி நேராக அவரிடம் போய், வண்டியில் டால்ஸ்டாய் இருக்கிறார், காய்ச்சல், படுக்க ஓர் இடம் வேண்டும் என்று சொன்னார். யோசித்துப் பாருங்கள். சாதாரண ஒரு சாயங்காலம். சிக்னல், வண்டி வரவு, சரக்குக் கணக்கு என்று ஓடிக்கொண்டிருக்கிற ஒருத்தரிடம் வந்து இப்படிச் சொன்னால்? ஓஸோலின் ஆடிப்போய்விட்டார். ஆனால் தயங்கவில்லை. தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே இருந்த தன் சின்னக் குவார்ட்டர்ஸைத் திறந்துவிட்டார். மனைவி, குழந்தைகள் எல்லோரும் ஒதுங்கிக்கொண்டார்கள்.

கைத்தாங்கலாகக் கிழவரை நடத்திப் போனபோது பிளாட்பாரத்தில் இருந்தவர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார்களாம்.

சும்மா ஒரு பெரிய மனிதருக்கு இடம் கொடுத்த கதை இல்லை இது. டால்ஸ்டாயை 1901-லேயே ரஷ்யத் திருச்சபை தள்ளிவைத்திருந்தது. ஜார் அரசாங்கத்துக்கு அவர் கண்ணில் விழுந்த தூசி. அப்படி ஒருத்தரை வீட்டில் படுக்கவைப்பது, மாதச் சம்பளத்தை நம்பிப் பிழைக்கிற ஒரு குடும்பஸ்தர் சாதாரணமாகச் செய்கிற காரியமில்லை. போலீஸ் வந்தது. ரியாஸான் கவர்னரே வந்து இறங்கினார். ஓஸோலின் விருந்தாளியை வெளியே அனுப்பவில்லை.

இரண்டே நாளில் அஸ்தாபோவோ உலகத்தின் தலைநகரமாகிவிட்டது!

பத்திரிகைக்காரர்கள் வண்டி வண்டியாக வந்து குதித்தார்கள். நான் சொன்னேனே, ஓட்டல் இல்லாத ஊர். எங்கே படுப்பது? சைடிங்கில் நின்ற ரயில் பெட்டிகளில் படுத்தார்கள். படம் காட்டும் பாதே கம்பெனியின் கேமராக்காரர்கூட வந்துவிட்டார். ஒரு எழுத்தாளரின் சாவை உலகமே நிமிடத்துக்கு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தது. லைவ் டெலிகாஸ்ட் என்ற வார்த்தை பிறப்பதற்கு முன்னால் நடந்த லைவ் டெலிகாஸ்ட். டி.வி.க்குப் பதிலாகத் தந்தி. சரக்கு வண்டி விவரத்தை மட்டும் தட்டிப் பழகிய அந்தச் சின்னத் தந்தி ஆபீஸிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட தந்திகள் பறந்தன. ஜுரம் எத்தனை டிகிரி, நாடி எப்படி, யார் வந்தார், யார் அழுதார், எல்லாமே. 1929-ல் அந்தத் தந்திகளைத் தொகுத்துத் தனிப் புத்தகமாகவே போட்டார்கள்.

சோஃபியா தனி ரயில் அமர்த்திக்கொண்டு வந்து சேர்ந்தார். உள்ளே விடவில்லை. பார்த்தால் நோயாளிக்கு அதிர்ச்சியாகிவிடும் என்று டாக்டர்களும் பிள்ளைகளும் கூடிப் பேசி முடிவு செய்தார்கள். சீடர் செர்ட்கோவ் உள்ளே. மனைவி வெளியே. சைடிங்கில் நின்ற பெட்டியில் தங்கிக்கொண்டு, ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார் அந்த அம்மாள். எட்டி நின்று ஜன்னல் வழியாக உள்ளே பார்க்கும் காட்சியை பாதே கேமரா பிடித்தது. அந்தப் படம் இன்றும் இருக்கிறது. பார்த்தால் யார் பக்கம் நியாயம் என்ற கேள்வியெல்லாம் மறந்துபோகும்.

மடத்திலிருந்து பெரியவர் வர்ஸோனோஃபி வந்தார். கடைசி நேரத்திலாவது கிழவர் திருச்சபையோடு சமாதானமாகிவிட மாட்டாரா என்ற ஆசை. அவருக்கும் கதவு திறக்கவில்லை. அவர் வந்த விஷயத்தையே சாஷா அப்பாவிடம் சொல்லவில்லை.

நினைவு தப்பிய பிறகுதான் சோஃபியாவை உள்ளே அனுமதித்தார்கள். அருகில் மண்டியிட்டு ஏதேதோ சொன்னார். கேட்கிற நிலையில் அவர் இல்லை. நவம்பர் 7, நம் கணக்குக்கு நவம்பர் 20. காலை ஆறு மணி ஐந்து நிமிடம்.

பெட்டியைப் பிள்ளைகள் சுமந்தார்கள். ரயிலிலேயே திரும்பி, யாஸ்னயா போல்யானா காட்டில், மத குருக்கள் யாரும் இல்லாமல் அடக்கம். சிலுவைகூடக் கிடையாது. வெறும் மண்மேடு.

நமக்கும் இதில் ஒரு சின்ன நூல் இழை இருக்கிறது. 1908-ல் தாரக்நாத் தாஸ் என்ற இந்தியப் போராளிக்கு டால்ஸ்டாய் ஒரு நீண்ட பதில் எழுதினார். 'ஒரு இந்துவுக்குக் கடிதம்' என்று பெயர். அடிக்கு அடி வேண்டாம் என்று வாதாடுகிற அந்தக் கடிதத்தில் அவர் சாட்சிக்குக் கூப்பிட்டவர்களில் ஒருவர், நம் திருவள்ளுவர். அதைத் தென்னாப்பிரிக்காவில் அச்சிட்டுப் பரப்பினார் காந்தி. 1910-ல் ஜோஹன்னஸ்பர்க் அருகே காந்தி ஆரம்பித்த டால்ஸ்டாய் பண்ணையில் தங்கி உழைத்தவர்களில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. செப்டம்பரில் காந்திக்கு டால்ஸ்டாய் எழுதிய கடைசிக் கடிதத்துக்கும் அஸ்தாபோவோவுக்கும் நடுவில் இரண்டே மாதம்தான்.

சரி, ஊருக்கு வருவோம்.

எல்லோரும் போய்விட்டார்கள். பத்திரிகைக்காரர்கள் போனார்கள், கவர்னர் போனார், கேமரா போனது. சைடிங் காலியானது. ஓஸோலின் அந்த அறையை அப்படியே வைத்திருந்தார். கட்டில், மேஜை, மருந்து பாட்டில். விளக்கு வெளிச்சத்தில் சுவரில் விழுந்த டால்ஸ்டாயின் தலை நிழலை ஒட்டி யாரோ பென்சிலால் கோடு இழுத்திருந்தார்கள். நெற்றி, மூக்கு, தாடி. அதுவும் பத்திரமாக இருந்தது. அந்த ஸ்டேஷன் மாஸ்டர் அதிக நாள் இருக்கவில்லை. 1913-ல் இறந்துபோனார்.

புரட்சிக்குப் பிறகு, 1918-ல் ஸ்டேஷனின் பெயர் லெவ் டால்ஸ்டாய் ஆனது. ஜார் காலத்துப் பெயர்களைத் தூக்கியெறிந்த கையோடு எத்தனையோ ஊர்களுக்குத் தலைவர்கள் பெயரைச் சூட்டினார்கள். பிற்பாடு காற்று மாறியதும் அவற்றில் பல பழைய பெயருக்கே திரும்பின. லெனின்கிராட் போனது, ஸ்டாலின்கிராட் போனது. லெவ் டால்ஸ்டாய் மட்டும் அசையவில்லை. 1946-ல் ஓஸோலினின் வீடு மியூசியமானது. நூற்றாண்டையொட்டி 2010-ல் அதையெல்லாம் புதுப்பித்தார்கள்.

இப்போது ஊரில் எட்டு, ஒன்பதாயிரம் பேர் இருக்கிறார்கள். சுற்றியிருக்கிற வட்டத்துக்கே லெவ் டால்ஸ்டாய் வட்டம் என்றுதான் பெயர். ரேஷன் விவகாரம், பள்ளிக்கூடம், ரோடு போடுவது எல்லாவற்றுக்கும் தலைப்பில் அவர் பெயர். எல்லா அரசாங்கமும் வேண்டாம் என்று எழுதிய மனுஷர்! அரசாங்க முத்திரையில் தன் பெயரைப் பார்த்திருந்தால் அடுத்த ரயிலைப் பிடித்து மறுபடி ஓடியிருப்பார் என்று நினைக்கிறேன்.

2009-ல் டால்ஸ்டாயின் கடைசிக் காலத்தைச் சினிமாவாக எடுத்தார்கள். 'தி லாஸ்ட் ஸ்டேஷன்'. டால்ஸ்டாயாக கிறிஸ்டோபர் பிளம்மர், சோஃபியாவாக ஹெலன் மிர்ரன். இரண்டு பேருமே ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் இடம்பிடித்தார்கள். ஆனால் படம் எடுத்தது ஜெர்மனியில். அஸ்தாபோவோவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இன்னொரு ஊரைப் பற்றியும் சொல்லவேண்டும். மாஸ்கோவுக்குப் பக்கத்தில் ஒபிராலோவ்கா. அன்னா கரீனினா ரயிலில் விழுவதாக டால்ஸ்டாய் எழுதியது அந்த ஸ்டேஷனில்தான். 1930-களின் கடைசியில் அந்தப் பெயரை எடுத்துவிட்டு ஜெலெஸ்னதரோஷ்னி என்று வைத்தார்கள். 'ரயில்வே ஊர்' என்று அர்த்தம். 2015-ல் அதையும் பாலாஷிகா என்ற பக்கத்து நகரத்தோடு சேர்த்துவிட்டார்கள். இப்போது அது ஒரு பேட்டை. நாவலைப் படித்துவிட்டு யாராவது ரயிலேறி ஒபிராலோவ்காவைத் தேடிப் போனால், அந்தப் பெயரில் டிக்கெட் கிடைக்காது. லெவ் டால்ஸ்டாய்க்குக் கேட்டால் கொடுப்பார்கள்.