மராமத்துக்கு வரலாறு உண்டா? பாம்பன் கரையிலிருந்து கம்பைலரை வாசித்தல்

1

பாம்பன் பாலத்தின் வரலாறு என்று நம் கையில் இருப்பது நாலைந்து தேதிகள்தான். 1914 பிப்ரவரி 24இல் திறப்பு. 1964 டிசம்பர் 22-23 இரவுப் புயலில் சிதைவு, 46 நாளில் மீட்பு. 2007இல் அகலப்பாதை. 2022 டிசம்பரில் ரயில் நிறுத்தம். 2025 ஏப்ரல் 6இல் பக்கத்திலேயே புதுப்பாலம். பொறியாளர் பெயர், மந்திரி பெயர், கல்வெட்டு, மாலை எல்லாம் இந்தத் தேதிகளைச் சுற்றியே வருகின்றன. இடைப்பட்ட நூற்றுச் சொச்சம் வருஷம் அந்த இரும்பு உப்புக்காற்றில் எப்படி நின்றது? துருவைச் சுரண்டினார்கள், சாயம் பூசினார்கள், அரித்துப்போன தகட்டைக் கழற்றி வேறு மாட்டினார்கள். அடுத்த பருவத்தில் மறுபடி முதலிலிருந்து. இதற்குக் கல்வெட்டு கிடையாது. ‘ஒண்ணும் நடக்கலை’ என்பதுதான் இந்த வேலையின் வெற்றி. ஒன்றும் நடக்காத நாளை யார் வரலாறாக எழுதுவார்கள்?

பிறப்பையும் அழிவையும் மட்டுமே நிகழ்ச்சி என்று ஏற்கிற இந்தப் பார்வை நம் காலத்தின் தொழில்நுட்ப வரலாறுகளை முழுக்கப் பிடித்துவைத்திருக்கிறது. அதைக் காட்ட, கண்ணுக்கே தெரியாத ஒரு கட்டுமானத்தை எடுத்துக்கொள்கிறேன்: கம்பைலர். மனிதர்கள் எழுதும் நிரலை எந்திரம் ஓட்டக்கூடிய ஆணைகளாகப் பெயர்க்கும் நிரல் அது. ரயில் முன்பதிவு, வங்கிக் கணக்கு, கைபேசி என்று நாம் புழங்கும் எதை எடுத்தாலும் எங்கோ ஒரு கட்டத்தில் ஒரு கம்பைலர் வழியாக வந்ததுதான்.

அதன் வரலாற்றையும் தேதிகளாகத்தான் சொல்லித்தருகிறார்கள். 1952இல் கிரேஸ் ஹாப்பரின் ஏ-0. 1957இல் ஐ.பி.எம்.மில் ஜான் பேக்கஸ் குழுவின் ஃபோர்ட்ரான். 1987இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் வெளியிட்ட ஜி.சி.சி. 2000இல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் லாட்னரும் விக்ரம் அட்வேயும் தொடங்கிய எல்.எல்.வி.எம். நாலு பிறந்தநாள். நடுவில்?

2

நடுவில் நடந்தது பெருக்குகிற வேலை. அர்த்தம் தெரியாத பெயரை மாற்றுவது, இரண்டு இடத்தில் இருக்கும் ஒரே கணக்கை ஓரிடத்துக்குக் கொண்டுவருவது, யாரும் கூப்பிடாத பகுதியை நீக்குவது, ஆயிரம் வரி நீளமுள்ள ஒன்றை நாலாகப் பிரிப்பது. எல்.எல்.வி.எம். திட்டத்தில் இப்படிப்பட்ட மாற்றங்களுக்கு ஒரு முத்திரையே உண்டு: ‘என்.எஃப்.சி.’ செயலில் மாற்றமில்லை என்று பொருள். தன் உழைப்பின் தலையில் ‘இதனால் ஒன்றும் மாறவில்லை’ என்று தானே எழுதி ஒப்படைக்கும் விசித்திரமான உழைப்பு இது. மாறினால் அது பிழை.

இந்த வேலை ஏன் சிறுசிறு துண்டாக நடக்கிறது? பயத்தால் அல்ல, முறையால். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஆயிரக்கணக்கான சோதனை நிரல்களை ஓட்டிப் பார்க்கிறார்கள். அப்படியும் ஒரு பிழை தப்பி, பத்தாயிரம் மாற்றங்களுக்குப் பிறகுதான் தெரியவருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் இருக்கும் மாற்றத்தில் நின்று பார்ப்பது, அங்கே பிழை உண்டா இல்லையா என்று கண்டு அந்தப் பாதியை ஒதுக்குவது, மிச்சத்தை மறுபடி இரண்டாக்குவது. பதினாலே சோதனையில் குற்றவாளி அகப்பட்டுவிடும். அகப்பட்டது பத்து வரி என்றால் ஒரு மணி நேரத்தில் திருத்தலாம். அதுவே இருபதாயிரம் வரிப் புரட்சியாக இருந்தால் தலையில் கை வைத்து உட்கார வேண்டியதுதான்.

லேமன், பெலாடி என்ற இருவர் ஐ.பி.எம்.மின் ஓ.எஸ்.-360ஐ ஆராய்ந்து 1970களில் சொன்னது இதன் பின்னணி: புழக்கத்தில் உள்ள நிரல் மாறிக்கொண்டே இருந்தாக வேண்டும், மாற மாற அதன் சிக்கல் கூடும், சிக்கலைக் குறைப்பதற்கென்றே தனியாக உழைத்தாலொழிய. துரு வெளியிலிருந்து வருகிறது; சிக்கலோ வளர்ச்சியிலிருந்தே வருகிறது. பயன்படுவதால் அழுக்காகிறது.

ஒரு உதாரணம். எல்.எல்.வி.எம்.மின் உள்மொழியில், நினைவகத்தின் ஓர் இடத்தைச் சுட்டும் ஒவ்வொரு சுட்டியும் ‘நான் சுட்டுவது இன்ன வகைப் பொருளை’ என்ற விவரத்தைச் சுமந்துகொண்டிருந்தது. அந்த விவரத்தால் பெரிய பயனில்லை, வகைமாற்றம் என்ற வெட்டிவேலைதான் மிச்சம் என்று போகப்போகத் தெரிந்தது. எடுத்துவிடலாம் என்று தீர்மானிக்க ஒரு மின்னஞ்சல் போதும். எடுக்க? 2015 வாக்கில் தொடங்கிய வேலை 2022இல் வந்த 15ஆம் பதிப்பில்தான் இயல்புநிலை ஆனது. பழைய முறை முழுதாக வெளியேறியது 2023இல், 17ஆம் பதிப்பில். ஏறத்தாழ எட்டு வருஷம். ஃபோர்ட்ரான் கம்பைலரையே கிட்டத்தட்ட மூன்று வருஷத்தில் செய்துமுடித்தார்கள். பிறப்பித்ததை விட ஒரு விவரத்தைப் பெருக்கித் தள்ள அதிக காலம் ஆகியிருக்கிறது! வரலாறு எதை எழுதியது?

3

‘அதெல்லாம் சரிதான், வெள்ளைக்காரன் வீட்டைக் கூட்டிப் பெருக்கின கதை நமக்கெதற்கு?’ என்று கேட்கலாம். தமிழ் எழுத்து கம்பைலருக்குள் நுழைந்த கதையே இந்தப் பெருக்கலின் கதைதான்.

1999இல் சி மொழிக்கான உலகத் தரம் திருத்தி வெளியிடப்பட்டது. மாறிகளுக்கும் செயற்கூறுகளுக்கும் இடும் பெயர்களில் வரத்தக்க எழுத்துகளின் பட்டியல் அதன் பின்னிணைப்பில் உண்டு. தமிழ் அதில் இருக்கிறது. அதாவது சட்டப்படி 1999லேயே தமிழுக்கு நுழைவுரிமை கிடைத்துவிட்டது. நடைமுறை? கிளாங் என்ற கம்பைலர் 2013இல் 3.3 பதிப்பில்தான் முறையாக ஏற்றது. ஜி.சி.சி. 2015இல் 5ஆம் பதிப்பில் ஒரு வாசலைத் திறந்தது. ஆனால் எழுத்தை எழுத்தாக எழுத முடியாது. ஒவ்வொன்றையும் அதன் குறியெண்ணால் சொல்ல வேண்டும். ‘பாம்பன்’ நமக்கு நாலு எழுத்து. யுனிகோடில் ஏழு குறி: துணைக்கால் தனி, இரண்டு புள்ளியும் தனித்தனி. ஆக ஊர்ப்பெயர் ஒன்றை எழுத ஏழு எண். எவன் எழுதுவான்? 2020இல் 10ஆம் பதிப்பு வந்த பிறகுதான் தமிழை அப்படியே எழுதினால் ஜி.சி.சி. ஏற்றுக்கொண்டது. உரிமைக்கும் அனுபவத்துக்கும் இடையே 21 வருஷம். கோயில் நுழைவுச் சட்டத்தின் வரலாறு தெரிந்த நமக்கு இது புதிதல்ல.

அந்த இடைவெளியை நிரப்பியது எந்தப் பிரகடனமும் அல்ல. உள்ளே வரும் எழுத்தெல்லாம் ஆங்கிலம்தான் என்ற நினைப்பு கம்பைலரின் பல மூலைகளில் சொல்லாமலே உறைந்து கிடந்தது: எழுத்தைப் படிக்கும் இடத்தில், பிழைச்செய்தியில் ‘இங்கேதான் தப்பு’ என்று நெடுவரிசை எண்ணிக் காட்டும் இடத்தில், இப்படி. ஒவ்வொரு மூலையாகப் போய் அந்த நினைப்பைக் களைய வேண்டியிருந்தது. கட்டுடைத்தல் என்று நாம் பிரதிகளுக்குச் செய்வதாகச் சொல்வதை அவர்கள் வரிவரியாகச் செய்தார்கள், அந்தப் பெயர் சொல்லாமல்.

இன்னும் ஒரு நுட்பம். ‘கொ’ என்பதை ககரத்தோடு ஒரே ஒகரக்குறி சேர்த்தும் எழுதலாம். கொம்பும் காலுமாக இரண்டு குறி சேர்த்தும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. கம்பைலருக்கோ இவை இரு வேறு பெயர்கள். ஒரே ஆளுக்கு இரண்டு ரேஷன் கார்டு மாதிரி. பெயர்கள் ஒரே இயல்வடிவில்தான் இருக்க வேண்டும் என்று சி++ மொழியின் 2023 தரம் கட்டாயமாக்கியது. அந்த இயல்வடிவுக்கும் ஆங்கிலச் சுருக்கம் என்.எஃப்.சி.தான். ‘ஒன்றும் மாறவில்லை’ என்ற முத்திரையின் எழுத்துகளே தமிழுக்கு ‘எல்லாம் மாறுகிறது’ என்று பொருள் தருகின்றன.

4

இதையெல்லாம் சொல்லி மராமத்தைப் புனிதமாக்கிவிடவும் கூடாது. எது குப்பை என்று யார் தீர்மானிப்பது? ஜாவாவுக்காக ஜி.சி.சி.க்குள் ஒரு முழு முன்பகுதி இருந்தது. பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று 2017இல் 7ஆம் பதிப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். ‘செத்த நிரல்’ என்பது அவர்கள் கலைச்சொல். இந்தக் கரையில் நின்று அந்தச் சொல்லைக் கேட்டால் தனுஷ்கோடி நினைவுக்கு வராமல் போகாது. 1964 புயலுக்குப் பின் மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. ரயில் பாதை மறுபடி போடப்படவில்லை. ஆனால் மீனவக் குடும்பங்கள் அங்கேயே வாழ்ந்தன, மின்சாரமில்லாமல், ரோடில்லாமல். அரிச்சல்முனைக்குத் தார்ச்சாலை வந்தது 2017இல்தான். ஆவணத்தில் செத்த இடம். அடுப்பு எரிந்துகொண்டிருந்த இடம். எந்த நீக்கலுக்கு முன்னும் கேட்க வேண்டிய கேள்வி: இதை இன்னும் யாராவது கூப்பிடுகிறார்களா?

யார் பெருக்குவது என்பது அடுத்த கேள்வி. ராமநாதபுரம் சீமை கண்மாய்களின் சீமை. இராஜசிங்கமங்கலத்துக் கண்மாயை ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று சனங்கள் சொல்வார்கள். கண்மாயைத் தூர்வாரும் குடிமராமத்தை ஊர் ஒற்றுமையின் பொற்காலமாகப் பேசுவது நமக்குப் பழக்கம். டேவிட் மோஸ் 2003இல் வெளியான தன் நூலில் ராமநாதபுரம், சிவகங்கைக் கண்மாய்களை ஆராய்ந்து அந்தப் பொற்காலத்தைக் கலைத்தார். அரச ஆதரவும் சாதிப் படிநிலையும்தான் கண்மாயைத் தாங்கின. ‘மரபான கூட்டுழைப்பு’ என்ற சித்திரத்தில் செலவைக் குடிகள் தலையில் கட்டப் பார்த்த காலனி அரசின் கை இருந்தது என்பது அவர் வாதம். 1858இலேயே சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் வந்துவிட்டது. தன்னார்வம் என்று சொல்லப்படும் இடத்தில் பிரம்பும் இருந்தது.

திறந்த நிரல் உலகிலும் ‘கூட்டுழைப்பு’ என்ற இனிய சொல் இதே வேலையைச் செய்கிறது. கம்பைலர்களில் பெரும்பகுதிக்கு இன்று சம்பளக்காரர்கள் உண்டு. ஆனால் அவற்றைச் சுற்றியுள்ள சிறு நிரல்களுக்கு? உலகின் பெரும்பாலான லினக்ஸ் எந்திரங்களில் இருக்கும் எக்ஸ்இசட் என்ற சுருக்கு நிரலைப் பல வருஷம் கவனித்தவர் ஊதியமில்லாத ஒரு தனி மனிதர். அவர் களைத்த நேரத்தில் ‘ஒத்தாசைக்கு வந்தேன்’ என்று நுழைந்த ஒரு ஆசாமி, சின்னச்சின்ன மாற்றங்களால் நம்பிக்கை சம்பாதித்துக் கடைசியில் கள்ளக் கதவொன்றைப் பொருத்தினார். 2024 மார்ச்சில் தற்செயலாக அகப்பட்டது. மராமத்தைக் கவனிக்காத ஊரில் மடையைத் திறப்பவன் எவனாகவும் இருக்கலாம்.

‘செயலில் மாற்றமில்லை’ என்பதும் முழு உண்மையல்ல. எல்.எல்.வி.எம்.மில் சோதனைக்கு விலக்கானவற்றின் கோப்புக்குப் பெயர் ‘கறுப்புப் பட்டியல்’. 2021இல் அது ‘புறக்கணிப்புப் பட்டியல்’ ஆனது. எந்திரத்துக்கு எந்த வித்தியாசமும் இல்லை. வாசிக்கும் மனிதருக்கு உண்டு. நிரலும் மனிதர் வாசிக்கும் பிரதிதான்.

5

நம் விஷயத்துக்கு வருவோம். தமிழ்க் கணினி வரலாற்றில் நாம் தேடுவதெல்லாம் ‘முதல்’. முதல் எழுத்துரு, முதல் இணைய இதழ், முதல் நிரல்மொழி. மூத்தகுடி என்ற பெருங்கதையாடல் கணினிக்குள்ளும் குடிபுகுந்துவிட்டது. முத்து அண்ணாமலை பைத்தானில் எழுதிய ‘எழில்’ பற்றிய கட்டுரை 2009இல் வெளியானது. எழில் கம்பைலர் அல்ல, வரிவரியாகப் படித்து ஓட்டும் மொழிபெயர்ப்பி. தமிழில் நிரல் எழுதலாம் என்று காட்டியது பெரிய காரியம். அதைக் கொண்டாடியவர்கள் உண்டு. ஆனால் பைத்தான் 2க்கு 2020 ஜனவரி 1உடன் ஆதரவு நின்றபோது, அதை நம்பிய நிரல்களையெல்லாம் யாரோ உட்கார்ந்து வரிவரியாக மாற்ற வேண்டியிருந்ததே, அந்த உழைப்பைக் கொண்டாடிய விழா ஒன்றாவது உண்டா?

பீட்டர் நார் 1985இல் ஒரு கட்டுரையில் சொன்னார்: நிரல் என்பது காகிதத்தில் இருப்பதல்ல, அதை எழுதியவர்கள் மனதில் இருக்கும் கோட்பாடு, அந்தக் குழு கலைந்தால் நிரல் ஓடிக்கொண்டிருந்தாலும் செத்ததுதான். அப்படியானால் மராமத்து என்பது பழையதைக் காப்பது மட்டுமல்ல, அந்த அறிவை அடுத்த ஆளுக்குக் கைமாற்றுவதும்தான். ஒரு பெயரை மாற்றுவதற்கு அது ஏன் அப்படி இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். அந்தத் தெரிதலை நாம் கூலிவேலை என்று கீழே தள்ளிவிட்டு, ‘படைப்பு’ என்பதை மேலே உட்காரவைத்திருக்கிறோம். கையால் செய்கிறவன் கீழே, கருத்தால் செய்கிறவன் மேலே என்ற இந்த வரிசை எங்கிருந்து வந்தது என்று நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே வேண்டுவது வேறு வகையான வரலாறு. ஜி.சி.சி., எல்.எல்.வி.எம். இரண்டுக்கும் பல்லாண்டு மாற்றங்கள் ஒவ்வொன்றும் தேதியோடு, காரணத்தோடு, செய்தவர் பெயரோடு எவரும் படிக்கும்படி பதிவாகிக் கிடக்கின்றன. துரு சுரண்டியவர் பெயரைப் பாம்பன் பாலம் காப்பாற்றவில்லை. கண்மாயில் மண் சுமந்தவர் பெயரும் நமக்குக் கிடையாது. மராமத்துக்காரர்கள் பெயரோடு நிற்கும் அபூர்வமான ஆவணம் இது. வரலாற்று மாணவர் யாராவது இதைத் தமிழில் படிக்கத் தொடங்க வேண்டும். ‘முதலில் கட்டியது யார்’ என்ற கேள்வியை ஒரு பக்கம் வைத்துவிட்டு, ‘இடியாமல் பார்த்துக்கொண்டது யார், என்ன கூலிக்கு’ என்று கேட்டுப் பார்க்கட்டும்.