மைனஸ் 40 டிகிரியிலும் சாகாத பழச்செடி... ஜூன்பெர்ரியை நட விவசாயிகள் யோசிப்பது ஏன்?

பார்க்க அச்சு அசல் ப்ளூபெர்ரி மாதிரியே இருக்கும். அதே கருநீலம், அதே சைஸ். ஆனால் கடித்தால் விதையிலிருந்து லேசாக பாதாம் வாசம் வரும். அமெரிக்காவில் இதற்குப் பெயர் ஜூன்பெர்ரி. கனடாவில் சாஸ்கடூன்.

பெயரில் பெர்ரி இருந்தாலும் இது ரோஜா குடும்பத்தைச் சேர்ந்த செடி, ஆப்பிளுக்குத்தான் சொந்தம். பழத்தை வெட்டிப் பார்த்தால் உள்ளே இருப்பது ஒரு குட்டி ஆப்பிளின் அமைப்பு.

கனடாவின் மேற்குப் புல்வெளி மாகாணங்களான சஸ்காட்செவன், ஆல்பர்ட்டா, மானிடோபாவில் இது புதுப்பழம் இல்லை. காய்ந்த காட்டெருமை இறைச்சி, கொழுப்புடன் இந்தப் பழத்தையும் சேர்த்து இடித்து, மாதக்கணக்கில் கெடாத பெமிக்கன் என்ற உணவைப் பூர்வகுடி மக்கள் செய்துவந்தார்கள். சாஸ்கடூன் நகரத்துக்கே க்ரீ மொழியில் இந்தப் பழத்துக்குள்ள பெயரில் இருந்துதான் பெயர் வந்தது.

ப்ளூபெர்ரி இருக்கும்போது இது எதற்கு?

காரணம் மண். ப்ளூபெர்ரிக்கு நல்ல அமில மண் வேண்டும். பி.எச். அளவு 5-ஐ ஒட்டி இருக்கணும். புல்வெளி மாகாணங்களின் நிலமோ பெரும்பாலும் 7, அதற்கு மேல். கந்தகம் போட்டு மண்ணை மாற்றுவது ஓயாத செலவு. ஜூன்பெர்ரி அந்த மண்ணிலேயே வளரும். மைனஸ் 40 டிகிரி குளிரிலும் செடி தப்பிக்கும்.

அப்புறம் என்ன, எல்லாரும் நட்டுவிடலாமே? அங்கேதான் சிக்கல்.

முதல் சிக்கல், காத்திருப்பு. கன்று நட்டு 3, 4 வருடம் கழித்துத்தான் ஓரளவு பழம் பார்க்கலாம். முழு மகசூலுக்கு 6 முதல் 8 வருடம். அதுவரை களை எடுப்பு, சொட்டுநீர், மான் உள்ளே வராமல் வேலி என்று செலவு மட்டும் நிற்காது. ஒருமுறை நிலைத்துவிட்டால் 30 வருடத்துக்கு மேலும் காய்க்கும் என்பது உண்மைதான். ஆனால் வங்கிக் கடன் தவணைக்கு அந்தக் கணக்கு புரியாது!

இரண்டாவது, பூ. குளிரை இவ்வளவு தாங்கும் செடி, வசந்தம் வந்ததும் அவசரப்பட்டு மே மாதத்திலேயே பூத்துவிடும். விரிந்த பூவுக்கு மைனஸ் 2, 3 டிகிரி போதும், கருகிவிடும். ஒரே ஒரு இரவு உறைபனியில் அந்த வருட வருமானமே போகலாம். அதனால்தான் குளிர்காற்று தேங்கும் பள்ளமான இடத்தில் நடவேண்டாம், சரிவான மேட்டு நிலம் பாருங்கள் என்கிறார்கள்.

பூ தப்பினால் பூஞ்சை. ஈரமான வருடங்களில் இலையிலும் பழத்திலும் புள்ளி விழும் நோய் வந்து, பழம் வெடித்து விற்க முடியாமல் போகும். இன்னொன்று துரு நோய். இந்தப் பூஞ்சை ஜூனிப்பர் செடியில் பாதி வாழ்க்கை, ஜூன்பெர்ரியில் பாதி வாழ்க்கை வாழும். பக்கத்து வீட்டு வேலியோரம் ஜூனிப்பர் இருந்தாலே தோட்டத்துக்கு ஆபத்து. எல்லாம் தாண்டிப் பழுத்தால் பறவைகள் ரெடியாக இருக்கும். வலை போடாத சின்ன தோட்டம் என்றால் சில நாளில் காலி.

எந்த ரகம் நல்லது?

தீசன் ரகத்தில் பழம் பெரிது, ஆனால் ஒரே சமயத்தில் பழுக்காது. வாடிக்கையாளர்களே வந்து பறித்துக்கொள்ளும் தோட்டத்துக்கு அது வசதி. இயந்திரம் விட்டு மொத்தமாக உதிர்ப்பவர்களுக்குத் தலைவலி. அவர்கள் சீராகப் பழுக்கும் மார்ட்டின், நார்த்லைன் பக்கம் போகிறார்கள். ஸ்மோக்கி நல்ல இனிப்பு. வேரிலிருந்து பக்கக் கன்று அதிகமாக விடும் என்பதால் கழித்துக்கொண்டே இருக்கணும்.

உண்மையான சோதனை சந்தையில்தான்

பெயரே ஒரு பிரச்சினை. சாஸ்கடூன், ஜூன்பெர்ரி, சர்வீஸ்பெர்ரி என்று ஊருக்கு ஒரு பெயர். இதற்கு 2004-ல் பிரிட்டனில் நடந்தது நல்ல உதாரணம். கனடாவிலிருந்து போன பழத்தைப் பார்த்த பிரிட்டனின் உணவுத் தர முகமை, இது ஐரோப்பா இதுவரை சாப்பிடாத 'புதிய உணவு', பாதுகாப்பு ஆய்வு தேவை என்று சொல்லி அலமாரிகளில் இருந்து எடுக்கச் சொன்னது. நூற்றாண்டுகளாக மக்கள் சாப்பிட்ட பழம்! பின்லாந்தில் இதை ஏற்கெனவே சாப்பிட்டு வந்தது தெரியவந்த பிறகுதான் தடை விலகியது.

பறித்த பழம் அதிக நாள் தாங்காது என்பதால், பெரும்பகுதி உறையவைத்தோ ஜாம், பை, சிரப், ஒயின் ஆக்கியோதான் விற்கப்படுகிறது. எனவே உறைகிடங்கு வசதியும், வாங்கும் ஆளும் முடிவான பிறகு கன்று வாங்குவதே புத்திசாலித்தனம். பலர் செய்வது தலைகீழ். நட்டுவிட்டு, ஏழாவது வருடம் டன் கணக்கில் பழம் வந்ததும் வாங்க ஆள் தேடுகிறார்கள்.

நம்ம ஊரில் வளருமா?

தமிழ்நாட்டு சமவெளியில் வாய்ப்பில்லை. இலை உதிர்த்து, நீண்ட குளிரில் உறங்கி எழுந்தால்தான் இந்தச் செடி ஒழுங்காகப் பூக்கும். சென்னை, மதுரை வெயிலில் அந்த உறக்கமே கிடைக்காது. ஆன்லைனில் யாராவது கன்று விற்றாலும் காசைக் கொட்ட வேண்டாம்.