மதிய உணவோடு ஒயின்

பிரான்ஸில் 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளி உணவுக்கூடத்தில் மது பரிமாறக் கூடாது என்று அரசு உத்தரவிட்டது 1956 ஆகஸ்டில்தான். அதுவரை தண்ணீர் கலந்த ஒயினும், நார்மண்டிப் பக்கத்தில் ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்த சைடரும் சாப்பாட்டோடு சேர்ந்தே இருந்தன. மேல்வகுப்பு மாணவர்களுக்குத் தடை வர 1981 ஆயிற்று. மதுவின் கேடு அந்நாட்டாருக்குத் தெரியாமல் போயிற்றோ என்றால், இல்லை. 1890களிலேயே அங்குள்ள பள்ளிகளில் மது எதிர்ப்புப் பாடம் நடந்தது. குடியால் கெட்ட கல்லீரலின் படம் வகுப்புச் சுவரில் தொங்கியது. ஆனால் அந்தப் பாடம் குறிவைத்தது காய்ச்சி வடித்த சாராயத்தையும், பின்னர் 1915இல் தடைசெய்யப்பட்ட அப்சிந்த் என்ற கடும் மதுவையும்தான். ஒயின், பீர், சைடர் மூன்றும் உடலுக்கு நல்லவை என்ற கணக்கில் வைக்கப்பட்டன. 1900ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றின் வரிச்சுமையையும் இறக்கியது.

இந்தப் பாகுபாட்டை வகுத்ததில் மருத்துவத்தைவிடப் பிழைப்புக்கே பங்கு அதிகம் என்பேன். கிணற்று நீரால் டைஃபாய்டு பரவிய காலத்தில் ஒயினை நம்பியதற்கு நியாயம் இருந்தது. நுண்ணுயிரியல் அறிஞர் லூயி பாஸ்டரே அதைப் புகழ்ந்திருந்தார். ஆனால் குடிநீர் சீரான பிறகும் நம்பிக்கை மாறவில்லை. அதற்குக் காரணம் பிழைப்புதான். திராட்சைக் கொடிகளைப் பூச்சி அழித்தது. மறுநடவுக்குப் பிறகு ஒயின் மிஞ்சி விலை விழுந்தது. 1907இல் தெற்கே விவசாயிகள் கிளர்ந்தெழ, நார்போன் நகரில் படையினர் சுட்டு உயிர்கள் போயின. அந்த நினைவு எந்த அரசையும் விட்டுப் போகவில்லை. 1931இல் அரசே ஒயின் பிரசாரக் குழு ஒன்றை அமைத்தது. குடிகாரனைப் பற்றி எச்சரித்த பள்ளியின் உணவு மேசையில் ஒயின் இருந்தது இப்படித்தான்.

பிரதமர் பியர் மாந்தெஸ் பிரான்ஸ் 1954இல் பள்ளிகளில் சர்க்கரை கலந்த பால் கொடுக்க ஏற்பாடு செய்தார். 1956 உத்தரவையும் பலர் அவர் பேரில் எழுதுகிறார்கள். அவருடைய ஆட்சியோ 1955 பிப்ரவரியிலேயே கவிழ்ந்துவிட்டது. பாலும் சர்க்கரையும் நாட்டில் உபரியாக இருந்தன என்பதையும் மறக்க வேண்டாம். ஒரு பிழைப்பின் பண்டம் இருந்த இடத்தில் இன்னொரு பிழைப்பின் பண்டம் வந்தது.

வீட்டு மேசையில் சிறு வயதிலேயே அளவோடு பழகியவன் பெரியவனானதும் அளவு மீற மாட்டான் என்ற வாதம் அங்கே இன்றும் உண்டு. ஆனால் அப்படிப் பழகிய தலைமுறைகள்தான் 1960களின் தொடக்கத்தில், வயது வந்த ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 26 லிட்டர் தூய ஆல்கஹால் என்ற அளவுக்குக் குடித்தன. ஒயின் தீங்கற்றது என்ற வாதத்துக்குப் பதில் அதற்கும் முன்பே கிடைத்திருந்தது: இரண்டாம் உலகப் போரில் ஒயினுக்குப் பங்கீடு வந்தபோது பாரிஸில் கல்லீரல் சிரோசிஸ் சாவுகள் மளமளவெனக் குறைந்தன. இவ்வளவு தெரிந்தும் 14 வயதைத் தாண்டியவர்களை 1956 உத்தரவு விட்டுவைத்தது.

உத்தரவுதான் குடியைக் குறைத்தது என்றும் சொல்ல முடியாது. வயல் வேலை சுருங்கியது, மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தார்கள், மலிவான சாப்பாட்டு ஒயினின் மவுசு போயிற்று. தலைக்கு உட்கொள்ளும் அளவு பாதிக்கும் கீழே இறங்கியதில் இவற்றுக்குப் பெரிய பங்குண்டு. பழைய பாகுபாடு மட்டும் சட்டத்தில் வெகுகாலம் ஒட்டிக்கொண்டிருந்தது. 2009 வரை 16 வயது நிரம்பிய மாணவன் மதுவிடுதியில் ஒயினோ பீரோ கேட்டு வாங்கிக் குடிக்க முடிந்தது. சாராய வகைகளுக்குத்தான் 18 ஆக வேண்டியிருந்தது.