டிரங்குப் பெட்டியில் கிடக்கும் போர்

முத்தியால்பேட்டையில் 'சொல்தா வீடு' என்றால் விளக்கம் வேண்டியதில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் வீடு. ஜூலை 14 அன்று கடற்கரைப் போர் நினைவுச்சின்னத்தில் மாலை வைப்பார்கள். 1938இல் திறக்கப்பட்ட அந்தக் கல், செத்தவனுக்கு நன்றி சொல்லும். போனவன் அந்தப் போரைப் பற்றி என்ன நினைத்தான் என்று சொல்லாது. அதைச் சொல்ல வீட்டுக்கு எழுதிய கடிதம் வேண்டும்.

அப்படி மிஞ்சிய கடிதங்கள் வங்காளத்தில் உண்டு. கேப்டன் கல்யாண் முகர்ஜி, பிரிட்டிஷ் இந்தியப் படையின் மருத்துவர். 1915இல் மெசபடோமியாவிலிருந்து அம்மாவுக்கு வங்காளியில் எழுதினார். அடிபட்டவனைத் தேற்றித் திரும்பச் சுட அனுப்புவதுதான் அவர் வேலை. அந்த வேலைக்கு நடுவில்தான், வெள்ளைக்காரன் கற்றுக்கொடுத்த தேசபக்தி என்பது அடுத்தவன் மண்ணைப் பிடுங்குவதுதான் என்று எழுதுகிறார். ஏகாதிபத்தியத்தின் சீருடைக்குள்ளிருந்தே வந்த குரல் இது. 1916 ஏப்ரலில் குத் நகரம் சரணடைந்தபோது கைதானார். 1917இல் சிறையிருப்பில் இறந்தார். எண்பது வயதை எட்டிய பாட்டி மொக்ஷதா தேவி அந்தக் கடிதங்களைச் சேர்த்து 1928இல் 'கல்யாண் பிரதீப்' என்ற நூலாக்கினார். அந்தப் போரை இன்று நமக்குக் காட்டுவது ஒரு கிழவியின் கை.

ஆனால் அவர் அதிகாரி, படித்த குடும்பம். எழுதத் தெரியாத சிப்பாய் இன்னொருவனிடம் சொல்லி எழுதச் சொன்னான். பிரான்சில் தணிக்கை அதிகாரிகள் அந்தக் கடிதங்களைப் படித்து, ஆங்கிலத்தில் பெயர்த்து, அறிக்கையாக்கினார்கள். மூலங்கள் பெரும்பாலும் போச்சு; லண்டன் ஆவணக் காப்பகத்தில் இருப்பது அரசாங்கம் ஒட்டுக்கேட்டதின் பிரதி. சிப்பாயும் லேசுப்பட்டவன் இல்லை. இந்தியப் படையைக் கறுப்பு மிளகு என்றும் வெள்ளைப் படையைச் சிவப்பு மிளகு என்றும் ஜாடையாக எழுதினான்.

ஆக, அதிகாரியின் சொல்லைக் குடும்பம் காத்தது. சிப்பாயின் சொல்லை வேவு காத்தது. நம் சொல்தாவின் சொல்லை?

பென்ஷனுக்கு ஆகிற காகிதம் பத்திரமாக இருக்கும். எதையும் நிரூபிக்காத கடிதம் வீடு இடிக்கும்போது முதலில் குப்பைக்குப் போகும். எது ஆவணம் என்பதை இங்கேயும் அரசாங்கம்தான் தீர்மானித்திருக்கிறது. கடிதம் வந்து சேர்ந்தது பெண்களின் கைக்கு. அதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டவர்கள் அவர்கள். ஆகவே தோழர்களே, முதலில் கேட்க வேண்டியது நினைவுச்சின்னத்தை இல்லை, நம் வீட்டுக் கிழவிகளை.